மிகுலோவ் யூத இடுகாடு: ஒரு கல்லை வாசித்து, கழுவி, நிமிர்த்தும் முறை

கல்லறைக்கல் ஒன்றைப் பார்த்தால் மெலிந்த பலகையாகத்தான் தெரியும். உயரம் 140 செ.மீ., அகலம் 70, கனம் 14. பெருக்கிப் பார்த்தால் 0.137 கன மீட்டர். மணற்கல் கன மீட்டருக்குச் சுமார் 2.3 டன் இருக்கும். ஆக, எடை 315 கிலோ. நாலு பேர் சேர்ந்து ஒரே தள்ளில் நிமிர்த்திவிடலாம் என்று ஆசை காட்டுகிற அளவு இது. இந்த ஆசையில்தான் கல்லும் உடைகிறது, காலும் நசுங்குகிறது.

இந்த வகைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கும் இடம் மிகுலோவ். செக் குடியரசின் தெற்கு மொராவியாவில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு ஊர். ஜெர்மன் பெயர் நிக்கோல்ஸ்புர்க். யூத இடுகாடு குன்றுச் சரிவில் இருக்கிறது. பரப்பு ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, கற்கள் சுமார் 4,000. தேதியைப் படிக்க முடிகிற மிகப் பழைய கல் 1605-ஐச் சேர்ந்தது.

கற்கள் ஏன் சாய்கின்றன என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. பழைய கற்களுக்கு அஸ்திவாரம் கிடையாது. பலகையின் அடிப்பகுதியை மண்ணில் இறக்கி நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். சரிவில் மேட்டுப்பக்கத்து மண் ஆண்டுக்காண்டு இறங்கிக் கல்லின் முதுகில் சேர்ந்து, அதைப் பள்ளத்தை நோக்கித் தள்ளுகிறது. குளிர்காலத்தில் மண்ணில் இருக்கும் நீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. கல்லை மேலே தூக்குகிறது, இளகும்போது வேறு கோணத்தில் உட்காரவிடுகிறது. மர வேர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே வெறுமனே நிமிர்த்திவிட்டு வந்தால் சில குளிர்காலங்களில் கல் பழையபடி சாய்ந்துவிடும்.

வரிசை ஒன்றுதான்: முதலில் வாசிப்பு, பிறகு கழுவல், கடைசியில் தூக்கல். இதை மாற்றினால் எழுத்து போகும். கல் பத்திரமாக நின்று எழுத்து போய்விட்டால், அங்கே புதைக்கப்பட்டவர் இரண்டாம் முறை காணாமல் போகிறார்.

கை வைப்பதற்கு முன்

ப்ர்னோ யூத சமூகத்தின் பொறுப்பில் இருக்கும் இந்த இடுகாடு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமும்கூட. அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறக் கூடாது. இது வெறும் காகிதச் சடங்கு இல்லை. யூத மரபில் புதைத்த இடம் புதைக்கப்பட்டவருக்கே என்றென்றைக்கும் உரியது. எலும்பைக் கலைக்கக் கூடாது, கல்லை வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது. இடுகாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று 'பேத் ஓலாம்', நித்திய வீடு. தோண்டும்போது எலும்புத் துணுக்கு தென்பட்டால் அந்த நிமிடமே வேலையை நிறுத்தி, மண்ணால் மூடி, சமூகத்துக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் வேலை இல்லை. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கல்லின் மேல் விளிம்பில் பார்வையாளர்கள் வைத்துவிட்டுப் போன கூழாங்கற்கள் குப்பை அல்ல. வந்து பார்த்துவிட்டுப் போனதன் அடையாளம் அவை. வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் எடுத்து அந்தக் கல்லின் எண்ணை ஒட்டி வைத்துவிட வேண்டும்.

படம் எடுத்தல்

அனுமதி வந்ததும் முதல் வேலை எண்ணும் அளவும், கல்லுக்கு ஓர் அட்டையில். பகுதி, வரிசை, கல் என மூன்று எண். உயரம், அகலம், கனம். எந்தத் திசை பார்க்கிறது, எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது. முன், பின், இரு பக்கவாட்டு, மண்ணைத் தொடும் அடி என்று ஐந்து படம், ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும்.

எழுத்துக்கான படம் தனி. நேர் வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஒளி கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும், 10 முதல் 15 பாகைக் கோணத்தில். வடக்கு பார்த்த கல்லில் வெயில் விழாது. அதற்கு 30 × 120 செ.மீ. நிலைக்கண்ணாடி ஒன்று போதும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி வெயிலில் ஒருவர் பிடித்துக்கொண்டு ஒளியைக் கல்லின் மேல் சரிவாக வாரி அடிக்க, இன்னொருவர் படம் எடுக்கலாம். ஒரே பக்கத்து ஒளியோடு நிறுத்திவிடக் கூடாது. இங்குள்ள எபிரேயச் சதுர எழுத்தில் கிடைக்கோடு தடித்தும் நெடுக்கோடு மெலிந்தும் இருக்கும். மேலிருந்து விழும் ஒளி கிடைக்கோட்டைத்தான் காட்டும். நெடுக்கோடு தெரிய இடப்பக்கமிருந்தோ வலப்பக்கமிருந்தோ ஒளி வேண்டும். குறைந்தது இரண்டு படம், முடிந்தால் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு.

நம் ஊர்க் கல்வெட்டுக்காரர்களுக்கு உடனே மைப்படி நினைவுக்கு வரும். ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றுவது கருங்கல்லுக்கு அருமையான முறை. இந்த மணற்கல்லில் செய்யவே கூடாது. மேல்தோல் பல இடங்களில் உள்ளிருந்து பிரிந்து நிற்கும், தூரிகையின் முதல் அடியிலேயே எழுத்தோடு பெயர்ந்து வரும். சுண்ணாம்புக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, சவர நுரை தடவுவது, எல்லாமே கல்லுக்குக் கேடு.

வாசித்தல்

கல்லின் தலைப்பில் பெரும்பாலும் இரண்டு எழுத்து: பே, நூன். 'இங்கே அடக்கம் செய்யப்பட்டவர்' என்பதன் சுருக்கம். பே, தேத் என்றும் வரும், 'இங்கே மறைந்திருப்பவர்'. கடைசி வரியில் ஐந்து எழுத்து: தாவ், நூன், ஸாதே, பேத், ஹே. ஜீவனுள்ளோரின் கட்டிலே இவர் ஆத்துமா கட்டப்பட்டிருக்கட்டும் என்ற வேண்டுதலின் முதலெழுத்துகள். முதலாம் சாமுவேல் 25:29-இலிருந்து வருவது.

இந்த ஐந்து எழுத்துக்கு வேலை நடக்கும் இடத்தில் ஒரு நேரடிப் பயன் உண்டு. அவை மண்ணுக்கு மேலே தெரிந்தால் வாசகம் முடிந்துவிட்டது, படிப்பதற்காகத் தோண்ட வேண்டியதில்லை. தெரியாவிட்டால் வாசகம் மண்ணுக்குள் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை வரி உள்ளே இருக்கும் என்பதை வரி இடைவெளியை அளந்து ஊகிக்கலாம்.

தேதிதான் உயிர்நாடி. எபிரேயத்தில் எழுத்தே எண். க, உ என்று எண் எழுதிய நமக்கு இது புதிதல்ல. ஆயிரத்தை விட்டுவிட்டு நூறு முதல்தான் வெட்டுவார்கள். பக்கத்தில் லாமெத், பே, கோஃப் என்று மூன்று எழுத்து இருந்தால் 'சிறு கணக்குப்படி' என்று பொருள். வந்த எண்ணோடு 1240 கூட்டினால் நம் ஆண்டு. இந்த இடுகாட்டின் குன்றுப் பகுதியில் ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், வரிசையாக அடங்கியிருக்கிறார்கள். அங்கே மெனகெம் மெண்டல் குரோக்மால் காலமான ஆண்டு 421, அதாவது 1661. ஷ்மெல்கே ஹோரோவிட்ஸுக்கு 538, அது 1778. மொர்தெகாய் பெனெட்டுக்கு தாவ் 400, கோஃப் 100, பே 80, தேத் 9. மொத்தம் 589, ஆண்டு 1829. அவர் காலமானது கார்ல்ஸ்பாட்டில். முதலில் அருகிலுள்ள லிக்டென்ஸ்டாட்டில் புதைத்து, பிறகுதான் இங்கே கொண்டுவந்தார்கள். ஆகவே கல்லில் இருக்கும் இறந்த நாளை அடக்கம் செய்த நாளாக எடுத்துக்கொள்வது ஆபத்து.

1240 கூட்டுவதில் ஒரு பள்ளம் உண்டு. யூத ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் தீஷ்ரி மாதத்தோடு தொடங்குகிறது. தீஷ்ரி முதல் டிசம்பர் கடைசி வரை விழும் நாள்களுக்கு 1239 கூட்ட வேண்டும். இதை மறந்ததால் ஓராண்டு தள்ளிப்போன பட்டியல்கள் நிறைய. இன்னொன்று, நாள் சூரியன் மறைவில் தொடங்குகிறது. மாலையில் இறந்தவருக்கு மறுநாள் தேதி வந்திருக்கும்.

எல்லாக் கல்லுக்கும் இதே கணக்கு செல்லாது. கேரளத்தில் சேந்தமங்கலம் ஜெபாலயத்தின் முன் நிற்கும் 'இஸ்ரயேலின் மகள் சாரா'வின் கல், இந்தியாவின் மிகப் பழைய எபிரேயக் கல்லறைக்கல். அதில் இருப்பது செலூக்கிய ஆண்டு, பழைய கிரேக்க அரசவம்சம் ஒன்றின் கணக்கு: 1581. அதற்கு 312-ஐக் கழிக்க வேண்டும்: 1269. எந்த ஆண்டுக்கணக்கு என்று முடிவு செய்யாமல் கூட்டலையோ கழித்தலையோ தொடங்கக் கூடாது.

தேய்ந்த கல்லில் தவறு நடப்பது எப்போதும் ஒரே சில இடங்களில்தான். ஹே என்றால் 5, கேத் என்றால் 8. ஹேயின் இடக்கால் மேல்கோட்டைத் தொடாது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் கற்பாசி அடைத்துக்கொண்டால் ஹே கேத்தாகிவிடும், 1745-இல் இறந்தவர் 1748-க்குப் போய்விடுவார். தாலெத் 4, ரேஷ் 200. தாலெத்தின் வலது மேல்மூலை சிறு துருத்தலோடு கூராக இருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும். மூலை மழுங்கினால் இரண்டும் ஒன்று. பேத்தும் காஃபும் அப்படியே, 2-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் அடியில் வலப்பக்கம் நீளும் சின்ன வால் மட்டும். அந்த வாலின் மேல் கம்பித் தூரிகையை ஓட்டினால் என்ன மிஞ்சும்?

சரிபார்க்கக் கல்லிலேயே வழி இருக்கிறது. பல கற்களில் கிழமையும் இருக்கும், ஞாயிறு முதல் நாள் என்ற எண்ணிக்கையில். யூத நாள்காட்டியில் புத்தாண்டு ஞாயிறு, புதன், வெள்ளியில் தொடங்காது. அதனால் ஆண்டின் பின்பாதி மாதங்களில் ஒவ்வொரு தேதிக்கும் வரவே முடியாத கிழமைகள் மூன்று உண்டு. எடுத்துக்காட்டாக ஆவ் மாதம் 13-ஆம் நாள் ஞாயிறு, செவ்வாய், வெள்ளியில் வராது. பெனெட் காலமானது 589-இன் ஆவ் 13. கணக்குப் போட்டால் 1829 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. பொருந்துகிறது. உங்கள் வாசிப்பில் ஆவ் 13 வெள்ளி என்று வந்தால் ஏதோ ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

சில கல்லில் ஆண்டை நேராக எழுதாமல் வேத வசனம் ஒன்றில் ஒளித்திருப்பார்கள். வசனத்தின் சில எழுத்துகளுக்கு மேல் புள்ளியிருக்கும், அல்லது அவை பெரிதாக வெட்டப்பட்டிருக்கும். அவற்றை மட்டும் கூட்டினால் ஆண்டு. புள்ளி ஒரு உளுந்தின் அளவுகூட இருக்காது. வரிகளின் முதலெழுத்தை மேலிருந்து கீழே படித்தால் இறந்தவரின் பெயர் வருவதும் உண்டு. ஒரு வரியின் தொடக்கம் உடைந்திருந்தாலும் பெயரிலிருந்து அந்த எழுத்தை மீட்டுவிடலாம்.

ஆசீர்வதிக்கும் இரு கைகள் இருந்தால் ஆசாரிய வம்சம், நீர்க்குடுவை இருந்தால் ஆசாரியருக்குத் துணைநின்ற லேவியர் குலம். குடும்பப் பெயரைத் தேடி 18-ஆம் நூற்றாண்டுக் கல்லில் கண் பூத்துப்போக வேண்டாம். இரண்டாம் ஜோசப் பேரரசர் 1787-இல் ஆணையிட்ட பிறகுதான் யூதர்களுக்கு நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் கட்டாயமானது. அதற்கு முன் பெரும்பாலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள், அவ்வளவே. கல்லில் ஆர்யே என்று இருப்பவர் ஊர்ப் பதிவேட்டில் லேப் அல்லது லோவ் என்று இருப்பார், இரண்டும் சிங்கம். ஸ்வி என்றால் ஹிர்ஷ், மான். ஸெயேவ் என்றால் வோல்ஃப், ஓநாய்.

இப்படி நாலைந்து வரிசை வாசித்தால் ஊரின் சரித்திரம் தானாகவே விரியும். 1421-இல் வியன்னாவிலிருந்தும் கீழ் ஆஸ்திரியாவிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் இங்கே தஞ்சம் புகுந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1851 வரை மொராவியாவின் தலைமை ரப்பி இருந்த ஊர் இது. 1726-இல் ஒரு குடும்பத்தில் ஒரு மகனுக்கு மட்டுமே திருமண உரிமை என்று ஆறாம் சார்லஸ் சட்டம் போட்டபோது, மிகுலோவுக்கு அளந்து கொடுத்த எண்ணிக்கை 620 குடும்பம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். 1848-க்குப் பிறகு விரும்பிய இடத்தில் குடியிருக்கும் உரிமை கிடைத்ததும் வியன்னாவுக்கும் ப்ர்னோவுக்கும் போய்விட்டார்கள். கல்லின் பின்முகத்தில் ஜெர்மன் எட்டிப் பார்க்கிறது, பிறகு முன்முகத்துக்கே வருகிறது. மணற்கல் போய்ப் பளபளக்கும் கருங்கல் தூண் வருகிறது. 1898-இல் கட்டடக் கலைஞர் மாக்ஸ் ஃப்ளைஷர் வடிவமைத்த சடங்கு மண்டபம் எழுகிறது. 1938-இல் ஊர் நாஜி ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதோடு வரிசை அறுந்துபோகிறது. போருக்குப் பின் இங்கே யூத சமூகம் மீண்டும் உருவாகவில்லை. கல்லைப் பார்த்துக்கொள்ளப் பேரன் பேத்தி யாரும் ஊரில் இல்லை.

கழுவுதல்

வாசித்து எழுதி முடித்த பிறகே தண்ணீர். அதற்கு முன் விரல் கணுவால் கல்லை மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடம் 'டக்' என்று மறுமொழி சொல்லும், தோல் பிரிந்த இடம் பொக்கென்று ஒலிக்கும். பொக்கான இடத்தை வரைபடத்தில் குறித்துவிட்டு அதைத் தொடாமல் விட வேண்டும். எழுத்துக்குழியில் பழைய வண்ணத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று கைக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். இருந்தால் அந்தக் கல்லைக் கழுவுவது நம் வேலையல்ல, கல் பாதுகாப்பு வல்லுநரின் வேலை.

நல்ல கல்லுக்கு வெறும் தண்ணீர், மென்மையான நைலான் தூரிகை, மூங்கில் குச்சி. ஒரு பலகைக்கு 15 முதல் 20 லிட்டர். கல் முழுவதையும் முதலில் நனைத்துவிட்டு, தேய்ப்பதைக் கீழிருந்து மேலே செய்ய வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் ஓடிக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு போகாது. அமிலம் சுண்ணக்கல்லைக் கரைக்கும். வெளுப்புத்தூள் உப்பை உள்ளே விடும், அது காயும்போது பூத்துத் தோலைப் பெயர்க்கும். அழுத்த நீர்ப்பீச்சி எழுத்தின் விளிம்பைச் சீவிவிடும். கற்பாசி எழுத்தை மூடாத இடத்தில் அப்படியே இருக்கட்டும். மூடிய இடத்தில் வல்லுநர் ஒப்புக்கொண்டால் பாசிக்கொல்லியான பென்சால்கோனியம் குளோரைடு 2 முதல் 3 சதவீதக் கரைசலை மட்டும் தடவி, சில வாரம் விட்டு, செத்த பாசியைத் தூரிகையால் எடுக்கலாம். ஐவிக் கொடியை இழுக்கக் கூடாது. அடியில் அறுத்துவிட்டு, காய்ந்து பிடி தளர்ந்த பிறகு எடுத்தால் கல் துணுக்கு கூடவே வராது. இரவில் வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகும் பருவத்தில் கழுவல் கிடையாது.

முகம் குப்புற விழுந்த கல்லைத் திருப்பினால் எழுத்து சில நேரம் நேற்று வெட்டியதுபோல் இருக்கும். அந்த மகிழ்ச்சியில் வெயிலில் காயவிடக் கூடாது. ஈரச் சாக்கு போர்த்தி நாலைந்து நாள் மெதுவாக உலர்த்த வேண்டும். வேகமாகக் காய்ந்தால் உப்பு எழுத்தின் முகத்திலேயே திரளும்.

தூக்குதல்

வேண்டியவை: முக்காலி, ஒரு டன் செயின் பிளாக், இரண்டு அகலமான துணிப்பட்டை, கடப்பாரை இரண்டு, 10 × 10 செ.மீ. மரக்கட்டைகள், ஆப்பு, பழைய கம்பளி, ரசமட்டம், தூக்குக்குண்டு. ஆட்கள் நால்வர், அதில் ஒருவர் பேச மட்டும். அவர் சொல்லாமல் சங்கிலி அசையக் கூடாது.

சங்கிலி கல்லைத் தொடக் கூடாது. துணிப்பட்டையைக் கம்பளியின் மேல் சுற்ற வேண்டும். கடப்பாரைக்கும் கல்லுக்கும் இடையில் எப்போதும் மரம் இருக்க வேண்டும். முதலில் முதுகுப்பக்கத்து மண்ணைக் கைக்கரண்டியால் எடுக்க வேண்டும். இயந்திரம் வேண்டாம், புதைந்த அடிக்கு மேல் ஆழமும் வேண்டாம். எவ்வளவு புதைந்திருந்தது என்பதைக் கல்லே சொல்லும். உளி கொத்திய சொரசொரப்பான அடிப்பகுதி முடிந்து வழவழப்பான முகம் தொடங்கும் கோடுதான் பழைய தரைமட்டம். கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளே இருந்திருக்கும். பலகையைக் கிடையாகத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நடுவில் முறியும். நகர்த்துவது எப்போதும் நெட்டுக்குத்தாக. கீழே வைக்க வேண்டியிருந்தால் முதலில் நீளப் பக்கவிளிம்பில் நிறுத்தி, பிறகு நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி இரு முனையிலும் போட்ட கட்டைகளின் மேல் சாய்க்க வேண்டும்.

குழி பழைய இடத்திலேயே, கல்லின் நான்கு பக்கமும் 20 செ.மீ. கூடுதலாக. அடியில் 8 முதல் 16 மில்லிமீட்டர் ஜல்லி 10 செ.மீ. கனத்துக்குப் போட்டு இடிக்க வேண்டும். கல்லை இறக்கி, முகத்திலும் பக்கத்திலும் குண்டு பிடித்து, ஆப்பால் நிறுத்தி, ஜல்லியும் மண்ணும் கலந்து 10 செ.மீ. அடுக்கடுக்காக நிரப்பி, முன்னும் பின்னும் மாறி மாறி மரக்கட்டையால் இடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இடித்துவிட்டு மறுபக்கம் போனால் கல் தள்ளிப்போயிருக்கும். மேட்டுப்பக்கம் தண்ணீர் விலகி ஓட ஒரு கை அகல வாய்க்கால்.

சிமென்ட் கலவையில் நிறுத்தலாமே என்று யாராவது கேட்பார்கள். கேட்காமலே போட்டுவைத்த கற்களும் பல ஊர் இடுகாடுகளில் உண்டு. கான்கிரீட் கல்லின் அடியைக் கவ்விப் பிடிக்கிறது, ஈரத்தையும் உப்பையும் அங்கேயே தேக்குகிறது. அடுத்த முறை மண் நகரும்போது கல் சாய வழியில்லாமல் கான்கிரீட்டின் மேல்விளிம்பில் ஒடிகிறது. ஜல்லியில் நிற்கும் கல் சாயும், மீண்டும் நிமிர்த்தலாம்.

உடைந்த பலகையை ஒட்டுவது வல்லுநர் வேலை. பழைய இரும்புக் கொக்கி இருந்தால் அதைக் காட்டிவிடுங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் கல்லைப் பிளக்கும், அதற்குப் பதில் துருவாத எஃகு வைப்பார்கள். நாம் செய்யக்கூடியது பீடத்துக்கும் பலகைக்கும் இடையிலான இணைப்பை நிரப்புவது மட்டும். நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய மணல் 2.5 பங்கு. சாந்து கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். விரிசல் வரத்தான் போகிறது, அது சாந்தில் வரட்டும். ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம்.

எல்லாம் முடிந்ததும் குண்டு பிடித்துச் சாய்வை மறுபடி அளந்து அட்டையில் தேதியோடு எழுத வேண்டும். ஜல்லி முதல் குளிர்காலத்தில் ஒன்றிரண்டு செ.மீ. அமரும். ஏப்ரலில் பனி முழுக்க இளகிய பிறகு வந்து, இறங்கிய அளவுக்கு மட்டும் ஜல்லி போட்டு இடித்து, அதே இடத்தில் அதே குண்டால் அளக்க வேண்டும். இரண்டு அளவும் பொருந்திவிட்டால் அட்டையை மூடலாம். கிண்ணத்தில் எடுத்து வைத்த கூழாங்கற்களுக்கு ஏப்ரல்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கல் நிமிர்ந்த அன்றே அவை மேல் விளிம்புக்குத் திரும்பிவிட வேண்டும்.